வன்தட்டு பழுதான மடிக்கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமை மாலைகளில் பெரும்பாலும் ஏதாவதொரு மடிக்கணினி திறந்து கிடக்கும். உறவினர், எதிர் வீட்டுக்காரர், மகளின் தோழியுடைய அப்பா என்று யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகப் பார்த்துத் தருகிறேன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பொறுமையும் சரியான திருப்புளியும் இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் தவறு செய்துவிட்டால் பிறகு எத்தனை திறமை இருந்தும் பயனில்லை. அதனால் முதலிரண்டு கேள்விகளை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

மடிக்கணினி "கடக் கடக்" என்று சத்தம் போடுகிறது, விண்டோஸ் வரவில்லை. வன்தட்டுதான் போய்விட்டதா?

சீரான இடைவெளியில் அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் ஏறத்தாழ உறுதி. வட்டுக்கு மேலே தகவலைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகிறது. அந்த அலைச்சலின் ஓசைதான் அது. சத்தமே இல்லாமலும் வன்தட்டு பழுதாகும். ஒரு கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகும், திரை உறைந்து நிற்கும், கருப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று ஒரு வரி மட்டும் வரும்.

வேறு கோளாறாகவும் இருக்கலாம். கணினியை இயக்கியவுடன் எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். சில நிறுவனக் கணினிகளில் எஃப்10, டெலீட் அல்லது எஸ்கேப். அங்கே சேமிப்பகப் பட்டியலில் வட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் இருந்து விண்டோஸ் வரவில்லை என்றால், வட்டு உயிரோடு இருந்து விண்டோஸ் மட்டும் சிதைந்திருக்கலாம். பெயரே இல்லையென்றால் வட்டு போயிருக்கலாம், அல்லது அதை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையுடன் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கலாம். 2012ஆம் ஆண்டின் 13 அங்குல மேக்புக் புரோவில் அந்த மெல்லிய கேபிள் கெட்டுப்போவது மிகச் சாதாரணம். வட்டைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, புதிய வட்டும் வேலை செய்யவில்லை என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால், முதலில் முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளே எனக்கு முக்கியம். முதலாவது, கெட்டுப்போனதால் ஒதுக்கிவைக்கப்பட்ட பகுதிகள். மற்ற இரண்டும், படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். இந்த எண்கள் பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் அந்த வட்டை நம்பி இனி எதையும் வைக்காதீர்கள்.

இப்போது, இந்த நிமிடமே நான் என்ன செய்ய வேண்டும்?

அணைத்துவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்று தோன்றும். வேண்டாம்.

என் அம்மா 1980களின் இறுதியில் அங் மோ கியோவில் ஒரு வன்தட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சீகேட் நிறுவனம் 1982ல் இங்கே வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. அந்த ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமான வன்தட்டுகள் சிங்கப்பூரில்தான் உருவாயின என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அம்மா தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடிக்கொண்டுதான் உள்ளே போவார். கண் மட்டும் தெரியும். பவுடர் பூசக்கூடாது, மை தீட்டக்கூடாது, காற்று பீய்ச்சும் அறையில் நின்று தூசியை உதறிவிட்டே நுழைய வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் வேலைக்குப் போனபோது கையில் மருதாணி உதிர்கிறதா என்று மேற்பார்வையாளர் பார்த்ததை இன்றும் சொல்வார்.

அத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் உண்டு. சாதாரண மடிக்கணினி வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 90 முறை. அதன் மேல் முனை மிதக்கும் உயரம் சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. முனை தாழ்ந்து வட்டைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது தகவல் படிந்த பூச்சைச் சுரண்டி எடுக்கிறது. நீங்கள் மறுபடியும் மறுபடியும் இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுரண்டல் நடக்கிறது. தூள் பறந்து மற்றப் பகுதிகளையும் கெடுக்கிறது. நேற்று மீட்க முடிந்த படங்கள் இன்று மீட்க முடியாமல் போவது இப்படித்தான்.

இதே காரணத்தால், பழுதான வட்டில் விண்டோஸின் "செக் டிஸ்க்" ஓட்டாதீர்கள். அது கோப்பு அட்டவணையைச் சீர் செய்யும் நோக்கத்தில் வட்டு முழுவதும் அலைந்து, படிக்க முடியாதவற்றை வெட்டிவிடும். உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதே வட்டில் விண்டோஸை மறுபடியும் நிறுவ யாரையும் விடாதீர்கள்.

எங்கள் புளோக்கில் மேல்மாடி அக்கா ஒருவர், மடிக்கணினி திறக்கவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தார். "சரி செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் அந்த வட்டையே அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டு, துடைத்துப் பளபளப்பாகக் கொடுத்தார். மறைந்துபோன அப்பா தேவாரம் பாடிய பதிவு அதில் இருந்தது. மீட்பு மென்பொருளை இரண்டு இரவு ஓட்டியதில் அந்தப் பதிவில் நான்கு நிமிடம் கிடைத்தது. முழுப் பதிவு பதினொரு நிமிடம். பாட்டு நடுவில் நின்ற இடத்தில் அக்கா, "அடுத்து அப்பா கொஞ்சம் இருமுவார்" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கடை முகப்பில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் "எனக்குக் கோப்புகள் வேண்டும், வட்டை அழிக்காதீர்கள்" என்றே இருக்கட்டும். ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள்.

வட்டை ஃபிரீசரில் வைத்தால் ஒருமுறை வேலை செய்யும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், ஃபிரீசரிலிருந்து எடுத்த எதன்மீதும் நீர்த்துளி படியும். குளிர்ந்த வட்டுக்குள்ளும் அதுதான் நடக்கும். தட்டிப் பார்ப்பதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே வகைதான்.

கோப்புகளை நானே எடுத்துவிட முடியுமா?

"கடக் கடக்" சத்தம் இருந்தால் முடியாது. அதைத் தூசி புகாத தூய்மை அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், பல நூறு வெள்ளியிலிருந்து ஆயிரங்கள் வரை போகும். கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பார்த்துச் சொல்லக் கட்டணம் உண்டா, எதுவும் கிடைக்காவிட்டால் பணம் கேட்பீர்களா, கிடைத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன் காட்டுவீர்களா. நேரான பதில் வராத இடத்தில் கொடுக்காதீர்கள்.

சத்தம் இல்லாமல், மெதுவாக ஆனால் படிக்க முடிகிற நிலையில் இருந்தால் முயன்று பார்க்கலாம். வட்டைக் கழற்றி, வட்டின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்றின் மூலம் இன்னொரு கணினியில் இணையுங்கள். அந்தக் கேபிள் மலிவு. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உதவும். முதலில் எடுக்க வேண்டியது படங்களும் ஆவணங்களும். படங்கள் பொதுவாக "பிக்சர்ஸ்" கோப்புறையில் இருக்கும் என்று நினைக்கிறோம். வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவை "டவுன்லோட்ஸ்" கோப்புறையிலேயே கிடப்பதை மறந்துவிடுகிறோம். டெஸ்க்டாப்பையும் விடாதீர்கள். பாடல், திரைப்படம் போன்ற மறுபடியும் கிடைக்கக்கூடியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வரி, மத்திய சேம நிதி அறிக்கைகளைச் சிங்பாஸ் மூலம் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தை எந்த அரசாங்க இணையத்தளமும் திருப்பித் தராது.

நடுவில் நின்று நின்று போகிற வட்டுக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் "டிடிரெஸ்கியூ" என்ற கருவி இருக்கிறது. சாதாரண நகலெடுப்பு ஒரு கெட்ட இடத்தில் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். இது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிடிவாதமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. எதுவரை முடித்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். கட்டளையில் மூலமும் இலக்கும் மாறிவிட்டால் வெற்று வட்டு, கோப்புகள் உள்ள பழைய வட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். அதனால் எண்டர் தட்டும் முன் இன்னொருவரை அருகில் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நான் இன்றும் மகளைக் கூப்பிடுகிறேன்.

இன்னொரு தடை, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு. அண்மைய விண்டோஸ் 11 கணினிகள் பல, நமக்குத் தெரியாமலேயே வட்டை மறைகுறியாக்கி வைத்திருக்கின்றன. வட்டை வேறு கணினியில் இணைத்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; கைப்பேசியில் அந்தக் கணக்கில் நுழைந்தே பார்க்கலாம். அந்த எண் இல்லையென்றால் வட்டு நலமாக இருந்தாலும் கோப்புகள் இல்லை.

தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "ஃபாண்ட்ஸ்" கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புதிய வட்டு என்ன வாங்குவது?

சுழலும் வன்தட்டை மறுபடியும் வாங்காதீர்கள். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய மடிக்கணினிக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல். அந்த எண்ணைவிட முக்கியம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகம். மூன்று நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் திறந்துகொள்ளும்.

எந்த வகை என்பதில்தான் தவறு நடக்கிறது. இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று 2.5 அங்குலச் சாட்டா. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் அகலமான தட்டையான பெட்டி. உங்களுடையது சுழலும் வன்தட்டு என்றால் அநேகமாக இதுதான். பழைய வன்தட்டுகளில் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் உண்டு, 7 மில்லிமீட்டரும் உண்டு. இன்றைய எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். பழைய இடம் தடிமனானதாக இருந்தால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். மற்றொன்று எம்.2, சூயிங்கம் பட்டை போல நீளமாக இருக்கும். பெரும்பாலும் 2280 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சிறிய கணினிகளில் 2242, 2230 என்ற குட்டையான வகைகளும் உண்டு.

எம்.2 பட்டை ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு மொழி பேசுபவை இருக்கின்றன: சாட்டா, என்விஎம்இ. முனையில் வெட்டு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு வெட்டு உள்ளவை பெரும்பாலும் சாட்டா, ஒன்று மட்டும் உள்ளவை பெரும்பாலும் என்விஎம்இ. பழைய பட்டை எந்த வகையோ அதே வகைப் புதியதையும் கணினி ஏற்கும் என்பதால், கழற்றிய வட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

கொள்ளளவு? இணையம், கடிதம், வங்கி வேலைக்கு 256 ஜிபி போதும். படமும் காணொளியும் சேர்ப்பவர்களுக்கு 512 அல்லது 1 டிபி.

சிங்கப்பூரில் எங்கே வாங்கலாம்? ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

எனக்குப் பழகிய இடம் ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர். ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தும் போகலாம். கீழ்த்தளக் கடைகளில் நிற்காமல் உதிரிப்பாகங்கள் விற்கும் மேல்தளங்களுக்கு ஏறுங்கள். பல கடைகளில் விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்தே கொடுப்பார்கள். இரண்டு மூன்று தாள்களை வாங்கி, நிதானமாக ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் நான் எண் எதையும் எழுதவில்லை. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்த விலையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் "16 டிபி எஸ்எஸ்டி, முப்பது வெள்ளி" என்று கண்டால் விலகிப் போங்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். முதல் சில ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு படமும் காற்றில் போகும். நகலெடுத்தாகிவிட்டது என்று நம்பி மூலத்தை அழித்தவர்களின் நிலையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருள், உள்ளூர் உத்தரவாதம், ரசீது. இந்த மூன்றும் வேண்டும். செப்டம்பர் 2012 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது.

கழற்றி மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

மின்கம்பியைப் பிடுங்கி, கணினியை முழுதாக அணைத்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். துணி வெள்ளையாக இருந்தால் விழுந்த திருகாணி கண்ணில் படும். திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல இராது. பின்புறம் குட்டையானது இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது கைகள் பதியும் மேல்தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நான் ஒரு தாளில் கணினியின் அடிப்புறத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய இடத்திலேயே தாளில் செல்லோடேப்பால் ஒட்டிவிடுவேன்.

எல்லாத் திருகாணியும் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ, ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒன்று ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் குழி தெரியும். பிறகு பழைய இஸி-லிங்க் அட்டை போன்ற பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள்; கொக்கிகள் ஒவ்வொன்றாக "டக்" என்று விடும். உள்ளே முதல் வேலை பேட்டரியின் இணைப்பை எடுப்பது. பேட்டரி உப்பியிருந்தால், அல்லது டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அத்தோடு நிறுத்திக் கடையில் கொடுங்கள். அதை நெம்பினால் தீப்பிடிக்கலாம்.

வட்டைத் தொடும் முன் ஏதாவதொரு உலோகத்தைத் தொட்டுவிடுங்கள். சாட்டா வட்டு கிடைமட்டமாக இழுத்தால் வரும், மேல்நோக்கித் தூக்கக்கூடாது. எம்.2 பட்டையின் ஒற்றைத் திருகாணியைக் கழற்றியதும் மறுமுனை தானாகச் சற்று எழும்பி நிற்கும். புதியதை அதே சாய்வில் நுழைத்து, அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். அந்தத் திருகாணி எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. கீழே விழுந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பிள்ளையின் பள்ளிக் கணினியையும் இப்படிச் செய்யலாமா?

கூடாது. 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கிடைத்த தனிப்பட்ட கற்றல் சாதனங்கள் பள்ளியின் மேலாண்மை மென்பொருளோடும் உத்தரவாதத்தோடும் வருபவை. பள்ளியிடம் சொல்லுங்கள்.

மேக்புக்?

இப்போது விற்கும் மேக்புக்குகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. 2012ல் வந்த, சிடி போடும் மேக்புக் புரோ வரைதான் மேலே சொன்னபடி வட்டை எளிதாக மாற்றலாம். அதில் புதிய வட்டை மாட்டி, கமாண்டும் ஆல்ட்டும் ஆரும் சேர்த்துப் பிடித்து இயக்கினால் இணையம் வழியாகவே இயங்குதளத்தை நிறுவலாம்.

விண்டோஸை மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, மடிக்கணினியோடு வரும் விண்டோஸின் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. வட்டு மாறினாலும் அது போகாது. நிறுவும்போது எண்ணைக் கேட்டால், "என்னிடம் எண் இல்லை" என்ற தேர்வை அழுத்தி, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், தேர்ந்தெடுங்கள். இணையத்தில் இணைந்ததும் தானே செயல்படத் தொடங்கும். "விண்டோஸ் உரிமம்" என்று ரசீதில் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

நிறுவுவது எப்படி? எங்கே மாட்டிக்கொள்வேன்?

வேலை செய்யும் இன்னொரு கணினியும், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தம்ப் டிரைவ் ஒன்றும் தேவை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால் தம்ப் டிரைவை அது தயாரித்துவிடும். தம்ப் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், முதலில் பாருங்கள். பிறகு அதைப் பழுதுபார்த்த கணினியில் செருகி, இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 அழுத்தி, அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பழைய வட்டு எதுவும் இணைந்திருக்கக்கூடாது. புதிய வட்டு முழுதும் காலியாகத் தெரியும்; பிரிக்கவோ வடிவமைக்கவோ வேண்டியதில்லை. அதைத் தேர்ந்தெடுத்து அடுத்ததை அழுத்தினால் போதும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பதினொன்றாம் தலைமுறை இன்டெல் கணினிகளிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிலவேளை நிறுவும் திரையில் வட்டே தெரியாது. வட்டு கெட்டதல்ல. இன்டெல் விஎம்டி என்ற அமைப்பை விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை, அவ்வளவுதான். கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து "ரேபிட் ஸ்டோரேஜ்" டிரைவரை இறக்கி, விரித்து, அதே தம்ப் டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" வழியாகக் காட்டினால் வட்டு தெரியவரும். இரண்டாவது, வைஃபை டிரைவர் இல்லாததால் விண்டோஸ் 11 இணையம் கேட்டு நிற்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் வசதியைத் திறந்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும், இந்தப் புதிய வட்டுக்குப் பிட்லாக்கர் எண் உருவாகியிருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வையுங்கள்.

என் கணினி பழையது. விண்டோஸ் 11 ஏற்காது என்கிறது. தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும் தேவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025ல் முடிந்துவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். லினக்ஸ் மின்ட் இலவசம். அதன் முகப்பு விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாக இராது. 75 வயது மாமா ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். தமிழ் முரசு படிக்கிறார், பேரனோடு காணொளியில் பேசுகிறார். அவருக்கு வேண்டியது அவ்வளவே. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

மறுபடி நிறுவிய பிறகு என் பழைய தமிழ்க் கோப்புகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. இந்தக் கேள்வி தமிழாசிரியர்களிடமிருந்தும், சங்கங்களின் செயலாளர்களிடமிருந்தும் வருகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன் தமிழை ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தோம். எழுத்துருதான் அந்தக் குறியீட்டுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. எழுத்துரு போனால் கோப்பு தன் முகத்தை இழக்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஊர்கள் கூடிப் பேசத் தொடங்கியது நம் மண்ணில்தான்: 1997ல் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் மாநாடு. கணியன் எழுத்துருவைத் தந்தவரும் அவர்தான். இரண்டாண்டு கழித்துச் சென்னையில் கூடிய மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது.

பழைய வட்டிலிருந்து "ஃபாண்ட்ஸ்" கோப்புறையையும் எடுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்காக. அந்த எழுத்துருக்களைப் புதிய கணினியில் நிறுவினால் கோப்பு மறுபடியும் தமிழாகத் தெரியும். அதோடு நிறுத்தாமல், இலவச மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள். டிஸ்கியா, டாபா, பாமினியா என்று சரியான மூலக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துருவின் பெயரே பெரும்பாலும் துப்பு கொடுக்கும். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "கொ" "கெ" ஆகிவிடுவது அடிக்கடி நடக்கும்.

யூனிகோடு கோப்பில் லதா எழுத்துரு காணவில்லை என்றால் பதற வேண்டாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனித் தொகுப்பாகிவிட்டன. அமைப்புகளில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

இனி இப்படி ஆகாமல் இருக்க?

எஸ்எஸ்டியும் ஒருநாள் போகும். அது "கடக்" என்று எச்சரிக்கக்கூட மாட்டாது. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய விதி. எங்கள் வீட்டில் கணினி, ஒரு வெளி வட்டு, தெம்பனிசில் தங்கை வீட்டு அலமாரியில் இன்னொரு வெளி வட்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். கூகல் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி இலவசமாகத் தருகின்றன. ஆவணங்களுக்கு அது போதும், படங்களுக்குப் போதாது.

பழைய வட்டை என்ன செய்வது?

உடனே எறியாதீர்கள். கோப்புகள் எல்லாம் வந்துவிட்டன என்று நிச்சயம் தெரியும்வரை, பெயரும் தேதியும் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். என்னிடம் வந்தவர்களில் இருவர் மூன்று மாதம் கழித்துத்தான் விட்டுப்போன கோப்புறையை நினைவுகூர்ந்தார்கள்.

எறியும்போது குப்பைச் சரிவில் போடக்கூடாது. அதில் உங்கள் அடையாள அட்டை நகலும் வங்கி அறிக்கையும் இன்னும் இருக்கின்றன. வட்டு வேலை செய்தால் முழுதாக அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். செய்யாவிட்டால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, வட்டு சுழலும் பகுதியில் மூன்று நான்கு இடங்களில் துளையிடுங்கள். துளைக்கும் கருவி இல்லாதவர்கள் வட்டைக் கண்முன்னே நசுக்கித் தரும் நிறுவனங்களை நாடலாம். ஜூலை 2021 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி, பெரிய மின்பொருள் கடைகள் கழிவைப் பெற்றுக்கொள்ள இடம் ஒதுக்கியாக வேண்டும். சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியின்மேல் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மேல்மாடி அக்காவின் வட்டு மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எறிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.